ராத்திரி இரண்டு மணிக்கு ஐசிபி 26: நியூரோ ஐசியூ பயிற்சி பற்றிக் கேட்டவருக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அனஸ்தீசியா முடித்துவிட்டு மாவட்டத் தலைநகர் ஒன்றில் தனியார் மருத்துவமனை ஐசியூவில் வேலை பார்க்கிறீர்கள். தலையில் அடிபட்டவர்களுக்கும் மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும் ஆறு படுக்கைகளைத் தனியாக ஒதுக்கியிருக்கிறார்கள். மண்டைக்குள் இருக்கும் அழுத்தத்தை (ஐசிபி) அளக்கும் மானிட்டர், மூளையின் மின் அலைகளைப் பதியும் ஈஈஜி, மூளைத் தமனிகளின் ரத்தவேகத்தை அல்ட்ராசவுண்டால் அளக்கும் டிசிடி மூன்றும் வந்துவிட்டன. கம்பெனியிலிருந்து வந்தவர் அரை நாள் பொத்தான்களைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கே போய்க் கற்றுக்கொள்வது, எத்தனை நாள் ஆகும், சிஸ்டர்களுக்கும் சொல்லித்தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "ராத்திரி இரண்டு மணிக்கு 26 என்று காட்டினால் அதை நம்பி நான் ஏதாவது செய்யலாமா?" என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்குப் பதில் சொன்னால் மற்ற மூன்றும் தாமாகத் தெளிவாகும்.

நான் நியூரோ அனஸ்தீசியா படித்தவன். பதினாறு ஆண்டுகளாக நியூரோ ஐசியூவில் வேலை. அதில் பாதிக் காலம் புதிதாக வரும் டாக்டர்களுக்கும் செவிலியர்களுக்கும் கற்றுக்கொடுப்பதில் போயிருக்கிறது. கீழே சொல்வதெல்லாம் பெரியவர்களுக்கானது. குழந்தைகள் ஐசியூ என் துறை இல்லை. அங்கே அளவுகளும் வேறு, தவறுக்கு இருக்கும் இடமும் குறைவு.

பயிற்சியை மெஷினிலிருந்து தொடங்காதீர்கள். என்னிடம் வருபவர்களை முதல் இரண்டு வாரம் ஐசிபி மானிட்டர் பக்கமே நான் விடுவதில்லை. ஒரு டார்ச், கண் திறப்பு, பேச்சு, கை அசைவு மூன்றையும் வைத்து நினைவு நிலைக்குப் புள்ளி போடும் ஜிசிஎஸ் தாள் ஒன்று, அவ்வளவுதான். 1950இல் டாக்டர் பி. ராமமூர்த்தி சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைச் சிகிச்சையைத் தொடங்கியபோது உலகில் எங்குமே சி.டி. ஸ்கேன் கிடையாது. அது வர இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கிளாஸ்கோவில் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஜிசிஎஸ் அளவுகோலை வெளியிட்டதே 1974இல்தான். அந்தத் தலைமுறை நோயாளியின் தலைமாட்டில் நின்று மணிக்கணக்கில் பார்த்தே முடிவெடுத்தது. அந்தப் பார்வை இல்லாதவர் கையில் மானிட்டர் கொடுத்தால், எண்ணுக்கும் நோயாளிக்கும் முரண்பாடு வரும்போது எதை நம்புவது என்று அவருக்குத் தெரியாது.

ஜிசிஎஸ் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஒரே நோயாளியை இரண்டு பேரைத் தனித்தனியாகப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் ஒன்று, இரண்டு புள்ளி வித்தியாசம் வராத நாள் அபூர்வம். பெரும்பாலும் கை அசைவில்தான் பிசகுவார்கள். வலி கொடுக்கும்போது கை வலிக்கிற இடத்தைத் தேடி வருகிறதா, வெறுமனே மடங்குகிறதா என்பதில் குழப்பம். புருவ மேட்டில் அழுத்தும்போது கை காறையெலும்பைத் தாண்டி மேலே வந்தால் அது 5. தாண்டவில்லையென்றால் 4 அல்லது அதற்கும் கீழே. நகத்தில் மட்டும் அழுத்திவிட்டு 5 என்று எழுத முடியாது, ஏனென்றால் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்வது வேறு, தேடி வருவது வேறு. மூச்சுக்கு டியூப் போட்டிருப்பவரின் பேச்சுக்கு 1 போட்டு மொத்தத்தைக் கூட்டி எழுதாமல், டியூப் இருக்கிறது என்றே குறியுங்கள். கூட்டுத்தொகையை மட்டும் போனில் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். "ஜிசிஎஸ் 8" என்பதைவிட "கண் 2, டியூப், கை 5, காலையில் 6 இருந்தது" என்ற வாக்கியம் ஓர் உயிரைக் காப்பாற்றும்.

இன்னொன்று, நம் ஊரில் இப்போது அடிக்கடி நடப்பது. கட்டட வேலையிலோ பனியன் கம்பெனியிலோ இருக்கும் ஒடியா, பிகாரிப் பையன்கள் தலையில் அடிபட்டு வருகிறார்கள். "கையத் தூக்குப்பா" என்று தமிழில் சொல்லி, அவன் தூக்கவில்லை என்று ஒரு புள்ளியைக் குறைத்து எழுதியதை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன். "ஹாத் உட்டாவ்", "ஆங்க் கோலோ" என்று ஐந்தாறு வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் அடித்துப் படுக்கைக்கு மேலே ஒட்டி வையுங்கள். ஒடியாவுக்கும் அவர்களோடு வந்தவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் மூளைக் கண்காணிப்புப் பயிற்சிதான்.

இப்போது ஐசிபிக்கு வருகிறேன். மண்டையோடு விரியாத பெட்டி. உள்ளே மூளை, ரத்தம், தண்டுவட நீர் மூன்றும் இடத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒன்று கூடினால் மற்றொன்று விலக வேண்டும். 1783இல் மன்றோவும் 1824இல் கெல்லியும் சொன்ன இது உங்களுக்குப் பாடமாகத் தெரிந்திருக்கும். படிப்பில் வராதது, அந்த அழுத்தம் எப்படித் திரைக்கு வருகிறது என்பதன் இயந்திர விவரம். என் கணிப்பில் ஐசிபி பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

மூளையின் நீரறையிலிருந்து நீரை வெளியே வடிக்கும் ஈவிடி குழாய் போட்ட நோயாளிக்கு, அழுத்தத்தை உணரும் ட்ரான்ஸ்டியூசர் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் குருத்தெலும்பு மட்டத்தில் இருக்க வேண்டும். உள்ளே நீரறைகளைச் சேர்க்கும் துளைக்கு வெளியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய அதுதான் நேர்மட்டம். ட்ரான்ஸ்டியூசர் 10 செ.மீ. மேலே போனால் அளவு ஏறக்குறைய 7 மி.மீ. (பாதரச அளவில்) குறைவாகக் காட்டும். கீழே இறங்கினால் அதே அளவு கூடுதலாகக் காட்டும். யோசித்துப் பாருங்கள்: உண்மையில் 25 இருக்கும் நோயாளிக்குத் திரையில் 18 வரும். எல்லாரும் நிம்மதியாக இருப்பார்கள். கண்ணளவில் மட்டம் பார்க்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் கொத்தனார்கள் வாங்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி ஐசியூவில் கட்டித் தொங்கவிடுங்கள். படுக்கையை ஏற்றினால், இறக்கினால், தலைமாட்டை உயர்த்தினால், ஸ்கேனுக்குப் போய்வந்தால், ஒவ்வொரு முறையும் மட்டம் பார்த்துவிட்டு, வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சுழியாக வைத்து ஜீரோ செய்ய வேண்டும். ஷிப்ட் மாறும்போது வருபவரும் போகிறவரும் சேர்ந்து பார்க்க வேண்டும்.

அடுத்தது, நீர் வடிந்துகொண்டிருக்கும்போது வரும் எண்ணை எழுதக் கூடாது. குழாய் வெளிப்பக்கம் திறந்திருக்கும் நேரத்தில் திரையில் தெரிவது நம்பத்தக்க மூளை அழுத்தம் இல்லை. வடிகாலை மூடி, அலை சீராகும்வரை சில நிமிடம் காத்திருந்து எழுத வேண்டும். எழுதியபின் மறக்காமல் திறக்கவும் வேண்டும். திறக்க மறப்பது மூட மறப்பதைவிட ஆபத்தானது. மூளைத் திசுவுக்குள் வைக்கும் கம்பி வகைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வைப்பதற்கு முன் ஒருமுறை ஜீரோ செய்ததோடு சரி, உள்ளே போனபின் திரும்பச் செய்ய முடியாது. நாள் செல்லச் செல்ல அளவு சிறிது நகரலாம். எனவே நான்காம், ஐந்தாம் நாளில் எண்ணும் நோயாளியும் பொருந்தவில்லை என்றால் கம்பியையும் சந்தேகப்பட வேண்டும்.

மூளைக்குப் போகும் ரத்த அழுத்தத்தைக் கணக்கிடும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது. சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து ஐசிபியைக் கழித்தால் சிபிபி. தமனிக்குள் ரத்த அழுத்தத்தை அளக்கும் ஆர்ட்டீரியல் லைனின் ட்ரான்ஸ்டியூசர் இதய மட்டத்திலும் ஐசிபி காது மட்டத்திலும் இருந்து, தலை 30 டிகிரி உயர்ந்திருந்தால், இரண்டுக்கும் நடுவே 13, 14 செ.மீ. உயர வித்தியாசம் வரும். 65 என்று நீங்கள் எழுதும் சிபிபி மூளை மட்டத்தில் 55தான். தலைக்காயத்துக்கு அமெரிக்க மூளைக்காய அறக்கட்டளையின் 2016 வழிகாட்டி சொல்லும் இலக்கு 60 முதல் 70 வரை. எந்த மட்டத்தில் அளந்த 60 என்பதில் உலகம் முழுக்க மருத்துவமனைக்கு மருத்துவமனை வித்தியாசம் இருக்கிறது. நான் இரண்டையும் காது மட்டத்தில் வைக்கிறேன். நீங்கள் எதைத் தேர்ந்தாலும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். ஐசியூவில் எல்லாரும் ஒரே மாதிரி அளப்பதுதான் முக்கியம்.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என் தொடக்க ஆண்டுகளில், அன்று நான் வேலை பார்த்த மருத்துவமனையில், மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்து அறுவைச் சிகிச்சை முடிந்த ஒரு பெண் இருந்தார். ஈவிடி இருந்தது. ராத்திரி துணி மாற்றுவதற்காகப் படுக்கையை இறக்கினார்கள். ஸ்டாண்டில் இருந்த ட்ரான்ஸ்டியூசரும் வடிகால் குடுவையும் இருந்த உயரத்திலேயே நின்றன. அளவு 12, 13 என்று வந்தது. நீர் வடிவது நின்றிருந்தது. அழுத்தம் குறைந்ததால் வடியவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அன்று டியூட்டியில் இருந்த சிஸ்டர் எனக்குப் போன் செய்தார். "சார், நம்பர் நல்லாத்தான் இருக்கு. ஆனா சாயங்காலம் என் கையப் பிடிச்ச மாதிரி இப்ப பிடிக்கல" என்றார். நான் எண்ணைக் கேட்டேன், 12 என்றார், காலையில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கண்மணி விரிந்தபிறகுதான் ஓடிப்போனேன். அந்தப் பெண் பிழைத்தார். பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. படுக்கை 15 செ.மீ. இறங்கியிருந்தது, அதாவது 11 மி.மீ. பொய். அந்தச் சிஸ்டரின் கை சொன்னது சரி, நான் கேட்ட எண் தவறு. அதன்பிறகு போனில் எண்ணை மட்டும் கேட்டு முடிவெடுத்ததில்லை. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.

எண்ணைவிட அலையைப் பார்க்கப் பழகுங்கள். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் ஐசிபி அலையில் மூன்று சிறு முகடுகள் வரும். முதலாவது உயரமாகவும் அடுத்தடுத்தவை சரிந்தும் இருந்தால் மூளைக்குள் இன்னும் இடம் இருக்கிறது. இரண்டாவது முதலாவதைத் தாண்டி எழுந்தால் இடம் தீர்ந்துவருகிறது. எண் 17 ஆக இருந்தாலும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அலையே இல்லாமல் தட்டையாக ஓடினால் அந்த எண்ணை எழுதவே கூடாது, குழாய் அடைத்திருக்கலாம். நான் பயிற்சியில் செய்வது இதுதான்: ஒரு நோயாளியின் அலையைத் தாளில் கையால் வரையச் சொல்வேன். பிறகு சக்‌ஷன் போடும்போது, இருமும்போது, தலையை நேராக்கும்போது, மருந்து ஏறும்போது மறுபடி வரையச் சொல்வேன். பத்து நோயாளிகளை வரைந்தவருக்கு அலை பேசத் தொடங்கிவிடும். மணிக்கொரு எண் எழுதும் தாள் இதையெல்லாம் விழுங்கிவிடுகிறது. ஸ்வீடனின் லுண்ட் நகரில் நில்ஸ் லுண்ட்பெர்க் 1960இல் தொடர்ந்து பதிவுசெய்து வெளியிட்டபோது கண்ட பெரிய அலைகள் 5 முதல் 20 நிமிடம் நீடித்து, அழுத்தத்தை 50க்கு மேலே கொண்டுபோய்விட்டுத் திரும்பின. பத்து மணிக்கு 16, பதினொரு மணிக்கு 17 என்று எழுதியிருக்கும் தாளில், நடுவே அப்படி ஓர் அலை வந்துபோனது தெரியாது. தினம் காலையில் 24 மணி நேரக் கோட்டைத் திரையில் போட்டுப் பார்ப்பதை ரவுண்ட்ஸின் பகுதியாக்குங்கள்.

சரி, ராத்திரி இரண்டு மணி, 26. முதலில் எழுந்து போங்கள். நோயாளி இருமுகிறாரா, டியூபோடு போராடுகிறாரா, கழுத்து ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா, டியூபைக் கட்டிய நாடா கழுத்தை இறுக்குகிறதா என்று பாருங்கள். மட்டம், ஜீரோ, அலை. கண்மணி, கை அசைவு. காய்ச்சல் இருக்கிறதா? வென்டிலேட்டரில் கார்பன் டை ஆக்ஸைடு ஏறியிருக்கிறதா? இத்தனையும் பழகியவருக்கு இரண்டு நிமிட வேலை. 2016 வழிகாட்டியின்படி 22க்கு மேல் போனால் சிகிச்சை தர வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் உயர்வைத்தான் பெரும்பாலான ஐசியூக்கள் கணக்கில் எடுக்கின்றன. கண்மணி மாறியிருந்தால் ஐந்து நிமிடமும் காத்திருக்கக் கூடாது. தலை 30 டிகிரி, மயக்க மருந்தும் வலி மருந்தும் போதுமான அளவு, ஈவிடி இருந்தால் நீரை வடித்தல். அதற்கும் அடங்கவில்லையென்றால் மூளையிலிருந்து நீரை இழுக்கும் மன்னிட்டால், எடையில் கிலோவுக்கு கால் முதல் ஒரு கிராம் வரை, அல்லது அடர் உப்புநீரான ஹைப்பர்டோனிக் சலைன். கையோடு சர்ஜனுக்குப் போன், சி.டி.க்கு ஏற்பாடு. இந்த வரிசை யார் டியூட்டியில் இருந்தாலும் ஒன்றாக இருக்க வேண்டும். 2019இல் வெளிவந்த சியாட்டில் கருத்தொருமிப்பு நெறிமுறை இதைப் படிப்படியாக அடுக்கித் தருகிறது. அதை எடுத்து உங்கள் மருந்துகளுக்கும் ஆட்களுக்கும் ஏற்ப ஒரு பக்கத்தில் சுருக்கிக்கொள்ளுங்கள்.

அந்த நெறிமுறை செய்யக் கூடாதவற்றையும் சொல்கிறது. நம் ஊருக்கு அந்தப் பகுதிதான் அதிகம் தேவை. அழுத்தம் தெரியாமலே மன்னிட்டால் 100 மில்லி தினம் மூன்று வேளை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இன்னும் எங்கும் இருக்கிறது. மணிக்கணக்கு வைத்துக் கொடுப்பது கூடாது என்ற பட்டியலில் அது வருகிறது. தலைக்காயத்துக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கும் பழக்கமும் அப்படியே. பத்தாயிரத்துக்கும் அதிகமானோரைச் சேர்த்து நடந்த, 2004இல் வெளிவந்த கிராஷ் ஆய்வில் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்கள்தான் அதிகம் இறந்தார்கள். மானிட்டர் வாங்கியும் இந்த இரண்டும் தொடர்ந்தால் மானிட்டரால் பயன் குறைவு. அளப்பதன் நோக்கமே, யாருக்குத் தேவை, யாருக்குத் தேவையில்லை என்று பிரிப்பதுதான்.

"ஐசிபி அளந்தால் ஆட்கள் பிழைக்கிறார்கள் என்று நிரூபணம் இருக்கிறதா?" என்று உங்கள் நிர்வாகம் கேட்கலாம். நேர்மையான பதில், உறுதியாக இல்லை என்பதுதான். பொலிவியாவிலும் எக்குவடோரிலும் 324 பேரை வைத்து நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஐசிபி அளந்து சிகிச்சை பெற்றவர்களுக்கும், அளக்காமல் அடிக்கடி பரிசோதனை, சி.டி. இவற்றை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் முடிவில் வித்தியாசம் இல்லை. சிலர் இதை "அப்படியானால் மானிட்டரே வேண்டாம்" என்று படிக்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. மானிட்டர் இல்லாத அந்தக் குழுவிலும் நோயாளிகளைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்தார்கள்; அழுத்தம் கூடியிருக்கிறது என்று கருதி முறைப்படி சிகிச்சை கொடுத்தார்கள். பழகிய கண்ணும் எழுதிவைத்த நெறிமுறையும் மெஷின் இல்லாமலே வெகுதூரம் கொண்டுபோகும் என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது. நியூரோ ஐசியூவுக்கென்று பயிற்சி பெற்ற குழு வந்தபிறகு இறப்பு குறைந்தது என்று பல மருத்துவமனைகளின் முன்-பின் ஒப்பீடுகள் காட்டுகின்றன. அவற்றை நம்புகிறேன். ஆனால் அதே காலத்தில் வேறு பலவும் மேம்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஈஈஜி விஷயத்தில் உங்களுக்கு நல்ல செய்தியும் எச்சரிக்கையும் உண்டு. வலிப்பு வெளியே தெரியாமல் மூளைக்குள் மட்டும் ஓடுவது ஐசியூவில் நாம் நினைப்பதைவிட அதிகம். நியூயார்க்கில் தொடர் ஈஈஜி வைத்த 570 பேரைப் பற்றி 2004இல் வெளிவந்த ஆய்வில் 19 சதவீதம் பேருக்கு வலிப்பு பதிவானது; அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு வெளியே ஒன்றுமே தெரியவில்லை. பெரும்பாலோருக்கு முதல் 24 மணி நேரத்திலேயே அது பிடிபட்டது. ஆழ்ந்த கோமாவில் இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அதற்கும் மேல் ஆயிற்று. அரை மணி நேர ஈஈஜி எடுத்து "வலிப்பு இல்லை" என்று எழுதிவிட்டு நிம்மதியடைய முடியாது என்பது இதிலிருந்து தெரிகிறது. வலிப்பு நின்றும் கண்விழிக்காதவர், ஸ்கேனில் காணும் காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு மயக்கத்தில் இருப்பவர், இந்த இரு வகையினருக்கும் ஈஈஜி கேளுங்கள்.

நல்ல செய்தி இது. மணிக்கணக்கான பதிவை நிறப்பட்டையாகச் சுருக்கிக் காட்டும் வசதி உங்கள் மெஷினில் இருந்தால், சில மணி நேரப் பயிற்சியிலேயே ஐசியூ செவிலியர்கள் வலிப்புகளில் பத்தில் எட்டுக்கு மேல் கண்டுபிடிக்கிறார்கள் என்று ஆய்வு இருக்கிறது. என் ஐசியூவிலும் அப்படித்தான். எச்சரிக்கை: வலிப்பு இல்லாததையும் அவர்கள் வலிப்பு என்பார்கள். பிசியோதெரபிஸ்ட் முதுகைத் தட்டுவது, வென்டிலேட்டர் குழாயில் தேங்கிய தண்ணீர், நடுக்கம், மெல்லும் அசைவு, கழன்ற எலக்ட்ரோடு எல்லாம் ஒழுங்கான அலைபோலவே வரும். ஆகவே உங்கள் அளவில் மூன்று விஷயம் கற்றால் போதும் என்பேன்: எலக்ட்ரோடு ஒழுங்காக ஒட்டுவது, பொய் அலையை நோயாளியைப் பார்த்து அடையாளம் காண்பது, படிப்படியாக உருமாறிக்கொண்டே பரவும் தாளத்தைக் கண்டதும் நியூராலஜிஸ்டைக் கூப்பிடுவது. அமெரிக்க மருத்துவ நரம்பு உடலியங்கியல் கழகத்தின் 2021 சொற்தொகுதி, 10 நொடியில் 25க்கு மேல் கூர் அலைகள் வந்தால் வலிப்பு என்கிறது. அதற்குக் கீழே சீராக வந்துகொண்டிருக்கும் அலைகள் வலிப்பா இல்லையா, மருந்தைக் கூட்டலாமா என்பதில் கற்றறிந்தவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. அந்த முடிவைத் தனியாக எடுக்க வேண்டிய நிலையில் உங்களை நீங்களே நிறுத்திக்கொள்ளாதீர்கள். பதிவைத் தொலைவிலிருந்து பார்த்துச் சொல்ல ஒரு நியூராலஜிஸ்டோடு எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்துகொண்டபிறகே மெஷினைப் பயன்படுத்தத் தொடங்குங்கள்.

டிசிடி கைப்பழக்கம் சார்ந்தது. 1982இல் ரூனே ஆஸ்லிட் கொண்டுவந்த இந்த முறையில் நெற்றிப்பொட்டெலும்பு வழியாக ஒலியைச் செலுத்தி ரத்தவேகத்தை அளக்கிறோம். பத்தில் ஒருவருக்காவது, வயதான பெண்களில் இன்னும் அதிகமானோருக்கு, எலும்பு வழிவிடாது. "கிடைக்கவில்லை" என்று எழுதக் கற்றுக்கொள்வதும் பயிற்சியில் சேர்த்தி. முதலில் உங்கள் சக ஊழியர்களின் தலையில் பழகுங்கள். முப்பது, நாற்பது பேருக்குப் பிறகு கை தானாகப் போகும். ரத்தக்கசிவுக்குப் பின் 4ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை தினமும், முடிந்தால் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. நடு மூளைத் தமனியில் சராசரி வேகம் நொடிக்கு 120 செ.மீ.யைத் தாண்டினால் உடனே குழாய் சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள். ரத்தசோகையும் காய்ச்சலும்கூட வேகத்தைக் கூட்டும். கழுத்துத் தமனி வேகத்தோடு ஒப்பிட்டு, விகிதம் 3க்கு மேல் இருந்தால்தான் சுருக்கம் என்ற சந்தேகம் வலுக்கும். அன்று சிகிச்சையை மாற்றப்போவது நோயாளியின் நிலை; டிசிடி உங்களை அவர் பக்கம் சீக்கிரம் திரும்ப வைக்கும்.

கண்ணுக்குப் பின்னால் நரம்புறையின் அகலத்தை அல்ட்ராசவுண்டில் அளக்கும் முறையை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் ஐசிபி கம்பிக்கு வசதியில்லாத நோயாளிகளுக்கு அது உதவும். விழிக்கோளத்துக்கு 3 மி.மீ. பின்னால் அளக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் ஆபத்து என்பதில் 5 முதல் 6 மி.மீ. வரை ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள். ஆகவே நான் அதை ஒரே நோயாளியில் நேற்றுக்கும் இன்றைக்கும் ஒப்பிட மட்டும் வைத்துக்கொள்கிறேன். கண்ணில் அடிபட்டவருக்குச் செய்யவே கூடாது. மூளைத் திசு ஆக்ஸிஜன் கம்பியை இப்போதைக்கு வாங்க வேண்டாம். 2017இல் வந்த 119 பேர் ஆய்வு நம்பிக்கை தந்தது, 2023இல் பிரான்சிலிருந்து வந்த பெரிய ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை.

எங்கே போவது என்ற கேள்வி. முழு நேரமாக இதில் இறங்க நினைத்தால் எம்.டி.க்குப் பின் மூன்றாண்டு டி.எம். நியூரோ அனஸ்தீசியா இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா, டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் படிக்கலாம். அது முடியாதென்றால், நரம்பியல் அவசரத்தின் முதல் சில மணி நேரத்துக்கென நியூரோ கிரிட்டிக்கல் கேர் சொசைட்டி நடத்தும் ஈஎன்எல்எஸ் படிப்பை முடியுங்கள். அது செவிலியர்களுக்கும் திறந்திருக்கிறது. 1999இல் தொடங்கிய இந்திய நியூரோ அனஸ்தீசியா சங்கத்தின் மாநாட்டுப் பட்டறைகளில் ஈவிடி, டிசிடி இரண்டையும் கையில் எடுத்துப் பழகலாம். ஆனால் பட்டறைகளில் நீங்கள் பார்ப்பது நல்ல அலைகள். கெட்ட அலைகளைப் பார்க்க நோயாளிகள் நிறைந்த ஒரு நியூரோ ஐசியூவில் குறைந்தது நான்கு வாரம் ராத்திரி டியூட்டியோடு இருக்க அனுமதி கேளுங்கள். என் அனுபவத்தில், அப்படி வந்தவர் ஆறு மாதம் தன் இடத்தில் தொடர்ந்து பார்த்தபின் தனியாக விடத் தகுதியாகிறார். இது என் கணக்கு. இதற்கு ஆய்வு ஆதாரம் கிடையாது.

சிஸ்டர்களுக்குச் சொல்லித்தர முடியுமா என்று கேட்டீர்கள். அவர்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நோயாளி பக்கத்தில் இருப்பவர் அவர்; நீங்கள் நாளைக்கு நாலு முறை வந்துபோகிறவர். அவர்களுக்குப் படமும் பாடமும் காட்டுவதைவிட, ஒவ்வொரு காலையிலும் முந்தின ராத்திரியில் அலாரம் அடித்த ஒரு நிகழ்வை எடுத்து, கோட்டை அச்செடுத்து, பத்து நிமிடம் சேர்ந்து பேசுங்கள். என்ன பார்த்தீர்கள், என்ன நினைத்தீர்கள், என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். பொய் அலாரத்துக்குக் கூப்பிட்ட சிஸ்டரைக் கடிந்துகொண்டால் அடுத்த முறை உண்மையான அலாரத்துக்குக் கூப்பிட மாட்டார். "நம்பர் சரியா இருக்கு, ஆனா ஆள் வேற மாதிரி இருக்கார்" என்ற ஒரு வாக்கியத்துக்கு டாக்டர் நேரில் வந்தே ஆக வேண்டும் என்பதை விதியாக எழுதி, சீஃப் டாக்டரிடம் கையெழுத்து வாங்கி ஒட்டுங்கள்.

நிர்வாகத்திடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். உங்களை மட்டும் பயிற்சிக்கு அனுப்பினால் நீங்கள் லீவில் இருக்கும் ராத்திரி ஐசியூவுக்குக் கண் இருக்காது. ஒரு டாக்டரோடு இரண்டு சீனியர் சிஸ்டர்களும் போக வேண்டும். நன்றாகக் கற்றுக்கொண்ட சிஸ்டர் ஒன்றிரண்டு ஆண்டில் வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ போய்விடுவார். அதற்காக அவர்மேல் வருத்தப்பட்டுப் பயனில்லை. அவர் கிளம்பும் முன் இன்னும் இரண்டு பேருக்கு மட்டம் பார்க்கவும் அலை வரையவும் அவரே கற்றுக்கொடுத்துவிட்டுப் போகும்படி டியூட்டி அட்டவணையை இப்போதே அமைத்துக்கொள்ளுங்கள்.